ராயப்பன்பட்டி அமலனின் கேசட்டுகள்

அமலனுக்கு ஒரு பார்சல் வந்திருக்கிறது என்று கடிதத்தில் படித்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. இரண்டு வருஷமாக இதே கதை. நான் மலேசியாவில் ஈப்போ நகரத்தில் இருந்தேன். அவன் கம்பம் பள்ளத்தாக்கில் ராயப்பன்பட்டியில் இருந்தான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஆனாலும் அவன் பெயரைத் தபால் உறையில் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

காரணம் மெட்டல் என்ற முரட்டு ராக் சங்கீதம். அதிலும் கடையில் கிடைக்காத ரகம். அதில் பாடகன் பாடமாட்டான், தொண்டையைக் கிழித்துக்கொண்டு கத்துவான். எங்கோ ஒரு நாட்டில் நாலு பேர் ஒரு கார் கொட்டகையில் வாசித்து, கேசட்டில் பதிந்து, டெமோ என்று பெயர் வைத்து நாலு பேருக்கு அனுப்புவார்கள். அந்த நாலு பேர் நகலெடுத்து நாற்பது பேருக்கு அனுப்புவார்கள். ஒவ்வொரு கை மாறும்போதும் இரைச்சல் கூடும். எனக்கு வந்து சேருவது பெரும்பாலும் நாலாவது கை, ஐந்தாவது கை. பாட்டைவிட மழைச் சத்தம்தான் அதிகம் கேட்கும்.

அமலனுக்கோ எல்லாமே முதல் கை. அவனுடைய அத்தை ஒரு கன்னியாஸ்திரி. ஜெர்மனியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். விடுமுறை நாளில் இவன் எழுதி அனுப்பிய பட்டியலை எடுத்துக்கொண்டு, அங்கி முக்காடு சகிதம் ரெக்கார்டு கடைக்குப் போவார். மண்டை ஓடும் தலைகீழ்ச் சிலுவையும் போட்ட ரெக்கார்டுகளை வாங்கி, திருச்சபைக் காலண்டர்களுக்கு நடுவே வைத்து இந்தியாவுக்கு அனுப்புவார். அந்தக் கடைக்காரருக்கு அவர்மேல் அப்படி ஒரு மரியாதை. வெளிவராத டெமோக்களையும் எடுத்துக் கொடுப்பாராம். எனக்கும் அத்தைகள் இருக்கிறார்கள். மூன்று பேர். ஒருவருக்கும் துப்பில்லை.

அப்படி வந்ததுதான் வோர்காஸ்ட் என்ற ஜெர்மன் குழுவின் டெமோ. அமலன் எனக்கு ஒரு நகல் அனுப்பினான். கேட்டு நான் ஆடிப்போனேன். அவ்வளவு வேகமாக டிரம் அடிக்க மனிதனால் முடியுமா என்று இருந்தது. ஈப்போவில் நான் பன்னிரண்டு தாளில் ஜெராக்ஸ் பத்திரிகை ஒன்று நடத்திவந்தேன். அதில் மூன்று பக்கம் எழுதினேன்: உலகத்திலேயே வேகமான குழு, பாடகனுக்கு இருபது வயதுகூட இராது, குரலில் அப்படி ஓர் இளமை. பத்திரிகையைக் குழுவின் முகவரிக்கும் அனுப்பினேன். பதில் இல்லை.

பதில் அமலனிடமிருந்து வந்தது. 'சந்திரண்ணே, நீங்க வேற கேசட்டக் கேட்டுட்டு எழுதிட்டீகளா? இது செங்கல் லாரி மேடு ஏறுற மாதிரி நிதானமா வர்ற சங்கீதம். அதுலதான் அதோட வலுவே இருக்கு.' நான் அவன் காதை டாக்டரிடம் காட்டச் சொன்னேன். டெமோ இருபத்திரண்டு நிமிஷம் என்று அவன் எழுதினான். நான் கடிகாரம் வைத்துப் பார்த்தேன், பதினெட்டு. நேரம் பார்க்கவும் தெரியாதவன் என்று முடிவு கட்டினேன். இந்தச் சண்டை கடல் தாண்டி ஒரு வருஷத்துக்கும் மேல் நடந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் உலகத்தில் பட்டமோ பதவியோ கிடையாது. ரெக்கார்டு அட்டையின் பின்னால் நன்றி என்று போட்டுப் பொடி எழுத்தில் சில பெயர்களை அச்சிடுவார்கள். அதில் பெயர் வந்துவிட்டால் அவன் ஆள். வோர்காஸ்டின் முதல் ரெக்கார்டு வரப்போவதாகச் செய்தி வந்திருந்தது. அதில் என் பெயர் வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அமலன் பெயர் வந்து என் பெயர் வராமல் போய்விடுமோ என்ற பயம் அந்த ஆசையைவிடப் பெரிதாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் தேனிக்குப் பக்கத்தில் பழனிசெட்டிபட்டியில் அம்மாவின் பங்கு மனைக்கு ஒரு கையெழுத்துப் போட வேண்டும் என்று மாமாவிடமிருந்து கடிதம் வந்தது. கிளம்பிவிட்டேன். கையெழுத்து ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பத்து நிமிஷத்தில் முடிந்தது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நான் வந்து இறங்கியது திங்கட்கிழமை. நடுவில் கிடைத்த நாட்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

திங்கட்கிழமை தேனி பேருந்து நிலையத்தில் இறங்கியதும் ஒருவர் என்னைக் கும்பிட்டார். பின்னால் யாரோ வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. டீக்கடைக்காரர், "சாமி, முன்னாடி வாங்க, மொத கிளாஸ் உங்களுக்குத்தேன்" என்றார். கார்த்திகை மாதம். சபரிமலைக்குப் போகிறவர்கள் எல்லாம் இந்த வழியாகத்தான் போகிறார்கள். கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, தோளைத் தாண்டிய முடி, ஒரு வாரத் தாடி. ஈப்போவில் இதே கோலத்தில் நடந்தால் தாய்மார்கள் பிள்ளைகளை இழுத்துப் பிடித்துக்கொள்வார்கள், போலீஸ்காரர் அடையாள அட்டை கேட்பார். இங்கே நான் சாமி.

பெருமையெல்லாம் ஓட்டலுக்குள் போகும்வரைதான். பரோட்டாவும் சுக்காவும் கேட்டேன். பரிமாறுகிறவர் பதறிவிட்டார். "சாமி, இது கறிக்கடை. எதுத்தாப்புல சைவக் கடை இருக்கு, அங்கன போங்க."

"நான் சாமி இல்லங்க."

"பசிக்கும்போது அப்படித்தேன் தோணும் சாமி. வெரதத்தக் கெடுத்துக்கிறாதீக."

பக்கத்து மேசைக்காரர்கள் கையில் எலும்போடு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். எதிர்க்கடையில் தயிர்சாதம் சாப்பிட்டேன். மாமா வீட்டிலும் அதே கேள்விதான். "என்ன மாப்ள, மாலை போட்டுருக்கியா, சொல்லவேயில்ல?" என்றார். முடி எதற்கு என்று அவருக்கு விளக்குவதைவிட ஆமாம் என்றிருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை குமுளி போகும் பேருந்தில் ஏறினேன். எனக்கு முன்பக்க இருக்கை கிடைத்தது, காரணம் சொல்லத் தேவையில்லை. பின்னால் இரண்டு மலையாளப் பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். ஈப்போவில் என் பக்கத்து வீட்டுக்காரர் மலையாளி என்பதால் எனக்குப் பாதிக்கு மேல் புரியும். "இந்தச் சாமி தலைக்கு எண்ணெய் வைத்து எத்தனை நாள் இருக்கும்?" என்றாள் ஒருத்தி. "வேண்டுதல் பெரிதாக இருக்கும். வீட்டில் என்ன கஷ்டமோ" என்றாள் மற்றவள். எனக்கு இருந்த கஷ்டத்தைச் சொன்னால் அவளுக்குப் புரிந்திருக்காது.

சின்னமனூருக்கு முன்னால் டயர் பஞ்சர். எல்லாரும் இறங்கி நின்றோம். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் நெல், அதைத் தாண்டித் தென்னை, அதைத் தாண்டி மலை. எங்கள் ஈப்போவிலும் ஊரைச் சுற்றி மலைதான். ஆனால் அவை சுண்ணாம்புப் பாறைகள், தனித்தனியாக நிற்கும். இங்கே மலை ஒரே சுவராகக் கூடவே வருகிறது. ஜாக்கி சிக்கிக்கொண்டது. அதை விடுவிக்க வண்டியைத் தள்ளலாம் என்று நான் கை வைத்ததும் நடத்துநர், "சாமி, நீங்க தள்ளி நில்லுங்க, பாவம் எங்களுக்கு வேணாம்" என்றார். வசதியாகத்தான் இருந்தது.

உத்தமபாளையத்தில் வண்டி மாறி ராயப்பன்பட்டி. பெரிய கிறிஸ்தவக் கோவிலின் கோபுரம் தூரத்திலேயே தெரிந்தது. கிறிஸ்துமஸுக்கு நாள் இருந்தும் சில வீட்டு வாசலில் அதற்குள்ளேயே காகித நட்சத்திரம் தொங்கியது. ஊரைச் சுற்றித் திராட்சைப் பந்தல். அமலன் வாசலில் நின்றான். என் மனதில் இருந்த அமலனுக்கு முடி இடுப்புவரை இருந்தது. இவன் எண்ணெய் வைத்து வகிடு எடுத்து, வெள்ளைச் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தான். பம்பு செட் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தான்.

"வாங்கண்ணே. என்னண்ணே, மலைக்குப் போற மாதிரி வந்துருக்கீக?"

"நீயுமாப்பா?" என்றேன்.

வீட்டுக்குள் இயேசுவின் திருஇருதயப் படத்துக்குக் கீழே ஒரு மர அலமாரி. திறந்து காட்டினான். நாற்பத்தொரு ரெக்கார்டு. ஒவ்வொன்றுக்கும் திருச்சபைக் காலண்டர் தாளில் மேலுறை. முதுகில் அழகான தமிழ்க் கையெழுத்தில் குழுவின் பெயர். என்னிடம் சொந்தமாக இருந்தவை ஆறு, அதிலும் ஒன்று கீறல். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கப் பார்க்க எனக்குக் காது சூடாகிக்கொண்டே வந்தது. இவன் இவற்றைத் தேடி எங்கும் அலையவில்லை. மழையில் நனைந்து கோலாலம்பூரில் கடை கடையாக ஏறி இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்து, சாப்பிட்டுவிட்டு, தபால்காரருக்காகக் காத்திருந்திருக்கிறான். அவ்வளவுதான்.

ரெக்கார்டு பிளேயர் மைக் செட் கடையில் பழையதாக வாங்கியது. அமலன்தான் பிரித்துச் சரிசெய்திருந்தான். ஊசி இறங்கியது. வேறொரு குழுவின் இரண்டாவது ரெக்கார்டு. நான் உடனே தலையை ஆட்ட ஆரம்பித்தேன். அமலன் கைகட்டி உட்கார்ந்திருந்தான். அவனுடைய தங்கை பிலோமினா, பள்ளி ஆசிரியை, ஓர் ஓரத்தில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"மொத ரெக்கார்டுல பேஸ் கிட்டாரு தனியாக் கேக்கும்ண்ணே" என்றாள், தாளிலிருந்து தலையைத் தூக்காமல். "இதுல எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பிட்டாய்ங்க."

"அதுதான் ஆவேசம்" என்றேன்.

"கத்துறதுலயும் ஒரு கணக்கு இருக்கணும்ண்ணே. எங்க கிளாஸ்ல அம்பது பிள்ளைக கத்துறாக. அதுக்கு யாரு அட்டை போட்டுக் குடுக்குறா?"

அரை மணி நேரம் வாதாடினோம். எந்தப் பாட்டில் எந்த இடத்தில் டிரம் ஓர் அடி பிந்துகிறது என்று அவள் சிவப்புப் பேனாவால் மேசையில் தட்டிக் காட்டினாள். அவள் சொன்னது சரி. ஈப்போவில் நாங்கள் பன்னிரண்டு பேர் கூடித் தலையை ஆட்டுவோம், ஒருவருக்கும் இந்தக் காது கிடையாது. இப்படிப்பட்ட தங்கையும் இவனுக்கு வாய்த்திருக்கிறாளே என்று அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

சமையலறையிலிருந்து அவர்களுடைய அம்மா எட்டிப் பார்த்து, "சாமி பாட்டுத்தேன் தம்பி. எங்க நாத்தனா சிஸ்டரா இருக்காக, அவுக அனுப்பினது. பாசை தெரியாட்டியும் நல்லதாத்தேன் இருக்கும்" என்றார். ஸ்பீக்கரில் அப்போது ஒருவன் நரகத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். சாப்பாட்டுக்கு ஆட்டுக்கறிக் குழம்பு. இரண்டு நாள் சாமியாக இருந்த பசிக்கு மூன்று தடவை சோறு வாங்கினேன். பிறகு ஒரு தட்டு நிறையக் கறுப்புத் திராட்சை. ஈப்போவில் திராட்சையை நோயாளிக்குத்தான் வாங்குவோம்.

வோர்காஸ்டின் அசல் கேசட்டைக் கேட்க வேண்டும் என்றேன். அதற்காகத்தானே வந்தேன். அது மேகமலையில் இருக்கிறது என்றான் அமலன். அவன் சிநேகிதன் கதிரேசன் தேயிலை ஃபாக்டரியில் எலெக்ட்ரீசியன். மூன்று மாதமாக அவனிடம்தான் இருக்கிறதாம். "திருப்பிக் குடுக்க மாட்டேங்குறாண்ணே. பேட்டரி தீர்ந்துருச்சு, பனி பெய்யிதுன்னு சாக்குச் சொல்றான்." நான் அசலைக் கண்ணால் பார்க்காமல் தவிக்கிறேன், இவர்கள் அதைக் கைமாற்றாகக் கொடுத்து வாங்குகிறார்கள்.

புதன்கிழமை சின்னமனூரிலிருந்து மலைக்கு ஒரே ஒரு பேருந்து. ரோடு என்று அதைச் சொல்லக் கூடாது. கல்லைக் கொட்டி வைத்திருந்தார்கள். மேலே போகப் போக அமலன் ஒரு ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டான். மலேசியாக்காரனான எனக்குக் குளிர் என்றால் என்னவென்று தெரியாது, மெல்லிய சட்டையோடு நடுங்கினேன். ஒரு வளைவில் வண்டி சேற்றில் மாட்டியது. இந்தத் தடவை எல்லாரோடும் சேர்ந்து தள்ளினேன். அட்டைப்பூச்சி காலில் ஏறியதைப் பார்த்துவிட்டு அமலன் மூக்குப்பொடி போட்டு எடுத்துவிட்டான். அதையும் பையில் வைத்திருந்தான்.

கதிரேசன் சின்னமனூர் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. ஃபாக்டரிக்குப் பக்கத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயன் வீட்டில் ஓர் அறை. பால் சேர்க்காத கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தான், ஏலக்காய் தட்டிப் போட்டிருந்தான். "மலேசியா அண்ணனா? நீங்கதேன் அந்த வேகம் வேகம்னு எழுதுனவுகளா?" என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

கேசட்டைக் கையில் கொடுத்தான். அசல். குழுவின் கையெழுத்து. அதைத் தொட்டுப் பார்த்தேன். பிறகு போட்டான்.

பேட்டரி போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். கிட்டார் தரையை உழுதுகொண்டு வந்தது. டிரம் ஒவ்வோர் அடியாக, இடம் பார்த்து விழுந்தது. பாடகன் இளைஞனே இல்லை. குரல் பூமிக்குள்ளிருந்து வந்தது.

"மெதுவா ஓடுது. பேட்டரிய மாத்து" என்றேன்.

"நேத்துத்தேன் மாத்துனேன். வேணும்னா கரண்டுல போடுறேன், ஃபாக்டரி ஜெனரேட்டரு."

போட்டான். அதே நிதானம். நான் கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்துக்கொண்டேன். வெளியே தேயிலை எடைபோடும் இடத்தில் பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்று பேரும் கடைசிவரை கேட்டோம். இருபத்திரண்டு நிமிஷம்.

எனக்குக் கிடைத்த நகல்தான் வேகமாக ஓடியிருக்கிறது என்று அப்போது புரிந்தது. உலகத்திலேயே வேகமான குழு என்று நான் மூன்று பக்கம் எழுதியது இல்லாத ஒரு குழுவைப் பற்றி. இதைவிட மோசம் ஒன்று உண்டு. அந்த மெதுவான பாட்டு அவ்வளவு நன்றாக இருந்தது. ஒரு வருஷத்துக்கும் மேலாக இவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், நான் எதையோ கேட்டுக்கொண்டிருந்தேன். கதிரேசன், "எப்படிண்ணே?" என்றான். "நல்லாருக்கு" என்றேன்.

வியாழக்கிழமை காலையில் அமலனின் பட்டறைக்குப் போனேன். செம்புக் கம்பிச் சுருள்களுக்கு நடுவே இரண்டு கேசட் மெஷின்கள். ஒன்று அத்தை விடுமுறையில் வந்தபோது கொண்டுவந்த ஜெர்மன் மெஷின். அதில் அசலை ஓடவிடுவான். இன்னொன்று உள்ளூரில் வாங்கியது. அதில் பதிவான். எப்படி நகலெடுக்கிறாய் என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

"இந்த ரெக்கார்டிங் மெஷினுல மோட்டாரு போயிருச்சுண்ணே. வேற மோட்டாரு போட்டேன். புல்லி சேரல. கம்பத்துல லேத்துல குடுத்து நானே அளவு சொல்லிக் கடஞ்சு வாங்குனேன்." பின்மூடியைத் திறந்து பெருமையோடு காட்டினான். பளபளவென்று ஒரு சின்னப் பித்தளைப் புல்லி, பெல்ட்டைச் சுற்றவைக்கும் சக்கரம்.

"நகல் சரியா விழுந்திருக்கான்னு எப்படிப் பார்ப்ப?"

"இதே மெஷினுல பத்து செகண்டு போட்டுப் பாப்பேன். சரியாத்தேன் இருக்கும்."

இருக்காதா பின்னே? புல்லி இருக்க வேண்டியதைவிடச் சிறியது. மெஷின் மெதுவாக ஓடிக்கொண்டே பதியும், மெதுவாக ஓடிக்கொண்டே பாடியும் காட்டும். சரியான வேகத்தில் ஓடும் வேறு யாருடைய மெஷினில் போட்டாலும் பாட்டு பறக்கும். அவன் எனக்கு இதுவரை அனுப்பிய பதினேழு கேசட்டும் இதில் பிறந்தவை. அவற்றை நான் நகலெடுத்துப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஜப்பானுக்கும் அனுப்பியிருக்கிறேன்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முதல் கைக்காரன் அனுப்பியது எல்லாம் கோணல். இதைப் பத்திரிகையில் எழுதினால் ராயப்பன்பட்டி கேசட்டை இனி ஒருவன் தொடமாட்டான். ஆனால் எழுதினால் என் மூன்று பக்கமும் போய்விடும். எந்தப் பக்கம் லாபம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது பிலோமினா வேகமாக வந்தாள். "அத்தை பார்சலு வந்துருச்சுண்ணே."

வீட்டுக் கூடத்தில் வைத்துப் பிரித்தோம். கதிரேசனும் விடுப்பு எடுத்துக்கொண்டு முந்தின சாயங்காலமே எங்களோடு இறங்கி வந்திருந்தான். சாக்லேட், அம்மாவுக்கு ஒரு சால்வை, காலண்டர்கள். காலண்டர்களுக்கு நடுவே வோர்காஸ்டின் ரெக்கார்டு. கடைக்கு வருவதற்கு முன்பே கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது என்று அத்தை எழுதியிருந்தார். அமலன் அதை என்னிடம் நீட்டினான். "நீங்க பிரிங்கண்ணே, விருந்தாளி."

நான் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பினேன். பொடி எழுத்து. மேலிருந்து தேடினேன், அமலன் பெயர் இருக்கிறதா என்று. முதல் வரியிலேயே கண் நின்றது. சந்திரன், ஈப்போ, மலேசியா. கீழேவரை போனேன். அமலன் பெயர் இல்லை. மறுபடியும் போனேன். இல்லை.

"எம் பேரு எப்படிண்ணே இருக்கும்?" என்றான் அமலன். "நான் அவய்ங்களுக்குக் கடுதாசி போட்டதே இல்லயே. கேக்கத்தான செஞ்சோம், என்னத்த எழுத?" என் கையைப் பிடித்துக் குலுக்கினான். கதிரேசன் என் முதுகில் தட்டினான். அம்மா எதற்கென்று தெரியாமலே என் வாயில் ஒரு சாக்லேட்டை வைத்தார். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்தது குறைவு.

ஊசி இறங்கியது.

டிரம் ஆரம்பித்த விநாடியில் பிலோமினாவின் முகம் மாறிவிட்டது. வேகம். மூச்சுவிட இடமில்லாத வேகம். நான் ஈப்போவில் கேட்ட அதே வேகம், அதற்கும் மேலே. அமலன் எழுந்து பிளேயரைச் சோதித்தான். அட்டையில் போட்டிருந்த நிமிஷமும் அவனுடைய கடிகாரமும் ஒத்துப்போயின. மறுபடி உட்கார்ந்துவிட்டான்.

அட்டைக்குள் டிரம் அடிப்பவன் கைப்பட ஆங்கிலத்தில் எழுதிய ஒரு தாள் இருந்தது. கன்னியாஸ்திரி அம்மையாரின் இந்திய உறவினருக்கு என்று ஆரம்பித்தது. பிலோமினா தமிழில் படித்தாள். 'மலேசியாவிலிருந்து ஒரு பத்திரிகை வந்தது. எங்களை உலகத்திலேயே வேகமானவர்கள் என்று எழுதியிருந்தார்கள். நாங்கள் அப்படி இல்லை என்று எங்களுக்குத் தெரியும். வெட்கமாக இருந்தது. எட்டு மாதம் பயிற்சி செய்தோம். இப்போது அந்தச் சொல்லுக்குத் தகுதியாகிவிட்டோம் என்று நம்புகிறோம். பழைய மெதுவான பாட்டுகளை இனி வாசிப்பதில்லை.'

பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கதிரேசன்தான் கடைசியில், "போச்சு. இனிமே அப்படி ஒண்ணு வராது" என்றான்.

பிலோமினா என்னைப் பார்த்தாள். "நல்லா இருந்தவய்ங்களண்ணே. எழுதியே கெடுத்துட்டீகளே."

என்னிடம் பதில் இருந்தது. பட்டறைக்குப் போய் உங்கள் அண்ணனின் பித்தளைப் புல்லியைப் பாருங்கள் என்று ஒரே வாக்கியம். நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் பழி முழுக்க அமலன் தலையில் விழும். அதற்காக நான் சும்மா இருந்தேன் என்று எழுதிக்கொள்ள ஆசைதான். ஆனால் காரணம் அது இல்லை. சொல்லிவிட்டால் அட்டையின் முதல் வரியில் இருக்கும் பெயர் என்னுடையதாக இருக்காது, புல்லியுடையதாகிவிடும். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

முதல் பக்கம் முடிந்தது. யாரும் திருப்பிப் போடவில்லை. பிலோமினா ரெக்கார்டை எடுத்து, துடைத்து, அட்டைக்குள் வைத்து என் மடியில் வைத்தாள். "பேரு உங்களதுதான. இதையும் நீங்களே கொண்டு போங்கண்ணே. இங்கன யாரும் கேக்க மாட்டோம்." கோபமாகச் சொல்லவில்லை. நான் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சாயங்காலம் பேருந்துக்கு அமலன் கூட வந்தான். என் பையை அவன்தான் தூக்கி வந்தான். ரெக்கார்டை நான் கையிலேயே வைத்திருந்தேன். வண்டி வரும்வரை அவன் ஏதோ கேட்க நினைத்துத் தயங்கிக்கொண்டே நின்றான். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"அண்ணே, அவய்ங்க இம்புட்டு வேகமா வருவாய்ங்கன்னு அந்த டெமோவுலயே உங்களுக்கு எப்படிண்ணே கேட்டுச்சு? நாங்க மூணு பேரும் எத்தன தடவ கேட்டோம். எங்க காதுக்கு அது விழுகலயே."

அவன் முகத்தைப் பார்த்தேன். இரண்டு வருஷமாக ஒவ்வொரு பார்சல் செய்தி வரும்போதும் கண்ணாடியில் நான் பார்த்த முகம் அது. முதல் தடவையாக அது அவனிடம் இருந்தது.

"அது ஒண்ணுமில்ல அமலா" என்றேன். "கேட்டுக் கேட்டுப் பழகினா வந்துரும்."

அவன் தலையாட்டினான். நம்பிவிட்டான்.